நாலு லட்சமா, நாற்பது ரூபாயா: அக்கா மகனின் நேவி வேலைக்கு நாங்கள் பார்த்த வழிகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குள் ஜூன் மாதம் ஒரு நாள் முழுப் பலாப்பழம் ஒன்று வந்து இறங்கியது. பண்ருட்டிப் பழம், பதினைந்து கிலோவுக்குக் குறையாது. தூக்கிக்கொண்டு வந்தவர் என் அக்காவின் கணவர். பழம் எனக்கில்லை. சாயங்காலம் ஒரு கட்சிப் பிரமுகர் வீட்டுக்குப் போகிறாராம். பையனை நேவியில் சேர்க்க அவரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும். அதற்குப் பையனின் விவரங்களை நான் ஒரு பக்கத்தில் அழகாக டைப் அடித்துக் கொடுக்க வேண்டும்.

"லெட்டர் சும்மா ஒரு பலத்துக்குத்தான் மச்சான். காரியத்த முடிக்கிற ஆளு வேற" என்றார். அந்த ஆள் ஒரு புரோக்கர். மொத்தம் நாலு லட்சம், முன்பணம் ஒன்றரை.

மாமாவுக்கு முதுநகரில் மீன் வியாபாரம். ஐஸ் கிடைப்பதிலிருந்து லாரி கிடைப்பது வரை அந்தத் தொழிலில் ஆளைப் பிடித்தால்தான் நடக்கும். முப்பது வருடம் அப்படியே பிழைத்த மனிதர், மகன் வேலைக்கும் ஆளைத்தான் தேடுவார். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாகப் பையன்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவன் நான். ஹால் டிக்கெட் எடுக்க வருகிறவன், ரிசல்ட் பார்க்க வருகிறவன், மெடிக்கலில் போய்விட்டது என்று கண் சிவந்து வருகிறவன் எல்லாரும் என் கடை நாற்காலியில்தான் உட்காருகிறார்கள். அதனால், "முன்பணம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி எனக்குக் குடுங்க மாமா" என்று கேட்டேன். அன்று ராத்திரி நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது. இதே யோசனையில் இருக்கும் இன்னும் நாலு அப்பாக்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பையனைப் பற்றி இரண்டு வரி. இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். கணிதம், இயற்பியல், வேதியியல். மொத்தத்தில் 71 சதவீதம். தமிழ் மீடியம். வயது பதினேழே முக்கால். கடலில் இறக்கிவிட்டால் மீன். இங்கிலீஷில் இறக்கிவிட்டால் தத்தளிப்பான்.

முதலில் சிபாரிசு. ஒரு கடிதம் ஒரு பையனைப் போர்க்கப்பலில் ஏற்றிவிட்ட காலம் உண்மையிலேயே இருந்தது. 18-ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரி ஆக வேண்டிய பையன் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் கப்பல் ஏறுவான். அதற்கு ஒரு கேப்டனைத் தெரிந்திருக்க வேண்டும். நூறு பேர் உள்ள கப்பலுக்கு நாலு பேர் என்ற கணக்கில், 'கேப்டனின் வேலைக்காரர்' என்ற பெயரில் அவர் பையன்களை ஏற்றிக்கொள்ளலாம். அப்பாக்கள் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கடிதம் எழுதித் தள்ளினார்கள். பின்னால் பிரிட்டனின் பெரிய கடற்படைத் தளபதியான நெல்சன் 1771-ல் பன்னிரண்டு வயதில் சேர்ந்தது இப்படித்தான். அந்தக் கேப்டன், மாரிஸ் சக்ளிங், நெல்சனுக்குத் தாய்மாமன். தாய்மாமன் கடமை எல்லாச் சீமையிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. நெல்சன் 1774-ல் மதராஸ் வரைக்கும் வந்திருக்கிறார். காய்ச்சலில் விழுந்து 1776-ல் ஊர் திரும்பினார். 1777-ல் லெப்டினன்ட் தேர்வுக்குப் போய் நின்றபோது, கேள்வி கேட்டவர்களில் ஒருவர் அதே தாய்மாமன்.

மாமாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. "பாத்தியா!" என்றார்.

பார்த்தேன். ஆனால் அந்தத் தேர்வு எதற்கு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய இடத்துச் சிபாரிசில் வந்த பிள்ளைகளுக்குக் கப்பல் ஓட்டத் தெரியவில்லை என்றுதான் 1677-ல் கடற்படை நிர்வாகத்தைக் கவனித்த சாமுவேல் பெப்பிஸ் அதைக் கொண்டுவந்தார். சிபாரிசு கப்பலில் ஏற்றிவிடும். லெப்டினன்ட் ஆவதற்கு ஆறு வருடக் கடல் அனுபவமும் தேர்வும் வேண்டும். அதிலும் தில்லுமுல்லு நடந்தது. கப்பல் பக்கமே போகாத பையன்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி வருடக் கணக்குக் காட்டினார்கள். 1783 ஜூன் 20-ல் நம் கடலூருக்கு எதிரே சஃப்ரனின் 15 பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் 18 பிரிட்டிஷ் கப்பல்களும் குண்டு போட்டுக்கொண்டபோது, கடிதத்தால் ஏறிய பையன்களும் அதில் இருந்திருப்பார்கள். எதிரே வருகிற குண்டுக்கு யார் கடிதம் கொடுத்தார் என்று தெரியாது.

சரி, இன்றைக்கு அந்தக் கடிதம் எங்கே நுழையும்? கடற்படையில் மாலுமியாகச் சேர்வதற்கான அக்னிவீர் எஸ்.எஸ்.ஆர். தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஒரு மணி நேரம், 100 கேள்வி, ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போய்விடும். அப்புறம் ஓட்டம், மெடிக்கல், மெரிட் பட்டியல். பிரமுகரின் லெட்டர்பேடை நீட்டுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டுமே. ஆன்லைன் விண்ணப்பத்தில் போட்டோ, கையெழுத்து ஏற்ற இடம் இருக்கிறது, கடிதத்துக்கு இல்லை. அதிகாரி வேலைக்கான என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு அறிவிப்பில் இன்னும் கறார்: எந்த வழியிலாவது தனக்கு ஆதரவு தேடுவதையே தவறான நடத்தைகளின் பட்டியலில் தேர்வை நடத்தும் யு.பி.எஸ்.சி. வைத்திருக்கிறது. பலாப்பழம் கொடுத்து வாங்கும் கடிதம் பையனுக்கே வினையாகலாம்.

இனி புரோக்கர். இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்பதை என் கடையில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டேன். பத்து அப்பாக்களிடம் ஆளுக்கு நாலு லட்சம் பேசுவான். யாருக்காகவும் ஒரு போன்கூடப் போடமாட்டான். பத்தில் இரண்டு பையன்கள் தாங்களாகவே படித்து, ஓடி, தேறிவிடுவார்கள். அந்த எட்டு லட்சம் அவனுக்கு. மீதி எட்டுப் பேரிடம், "டெல்லியில ஆபீசர் மாறிட்டாரு, இந்தத் தடவ முடியல" என்று முன்பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். ஊரில் என்ன பேச்சு கிளம்பும்? "வேல நடந்தாத்தான் வாங்குறான், நடக்கலன்னா திருப்பிக் குடுத்துடறான். நேர்மையான ஆளு." தேறிய பையன் தானாகத் தேறினான் என்பது அப்பாவுக்குத் தெரியாது. பையனுக்கும் தெரியாது, தன் வேலை காசு கொடுத்து வாங்கியது என்றே காலம் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பான்.

நான் சொன்னது நல்ல புரோக்கர். முன்பணத்தோடு காணாமல் போகிறவனும் உண்டு, போலி அழைப்புக் கடிதம் தருகிறவனும் உண்டு. ஒரு தடவை ஒரு குடும்பமே கடைக்கு வந்து அப்படி ஒரு கடிதத்தைக் கலர் பிரிண்ட் கேட்டார்கள். அரசு முத்திரை, அசோகச் சக்கரம் எல்லாம் இருந்தது. அனுப்பியவர் முகவரி ஜிமெயில். அந்த அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பிரிண்டரில் மை இல்லை என்று சொல்லி அப்பாவை மட்டும் வெளியே கூட்டிப்போனேன். போலீசுக்குப் போகலாமே என்றால், 2018-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் ஏழு வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். காசு கொடுத்தவர் வாய் திறக்கமாட்டார். புரோக்கருக்கு அதுதான் இன்சூரன்ஸ்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, நேர்வழின்னா என்னென்ன இருக்கு, சொல்லு" என்றார்.

அக்னிவீர்தான் எல்லாருக்கும் தெரிந்த வழி. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் நாலு வருடம் மட்டும் சேர்கிற வேலை. பதினேழரை வயதிலிருந்து போகலாம். ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி, முதல் அணியில் சுமார் 2,600 பேர் 2023 மார்ச்சில் முடித்து வெளியே வந்தார்கள். முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய் என்பார்கள், கைக்கு வருவது 21,000. மீதி 30 சதவீதம் நிதியில் சேரும், அரசும் அதே அளவு போடும். நாலு வருடம் முடிந்தால் வட்டியோடு 11 லட்சத்துச் சொச்சம் கிடைக்கும், அதற்கு வருமான வரி இல்லை. பென்ஷன் கிடையாது. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கடைசி வரியில்தான் வீடு இரண்டானது. மாமா, "நாலு வருஷத்துல அனுப்பிடுவான்னா அது என்ன வேலை?" என்றார். அக்கா அடுப்படியிலிருந்து, "நாலு வருஷத்துல வந்துடுவான்ல, அது போதும்" என்றாள். என் கணக்கு இரண்டுக்கும் நடுவில். இருபத்திரண்டு வயதில் பத்து லட்சத்துக்கு மேல் கையிருப்போடு, கப்பலில் வேலை பார்த்த பழக்கத்தோடு ஒருவன் வெளியே வந்தால் நஷ்டம் என்று சொல்ல முடியாது. துணை ராணுவப் படைகளிலும் கோஸ்ட் கார்டிலும் அவர்களுக்கு 2022-ல் 10 சதவீத ஒதுக்கீடு அறிவித்தார்கள். ஆனால் படிக்க வேண்டிய நாலு வருடம் அதில் போய்விடும். இவனை மாதிரி 71 சதவீதக்காரனுக்கு அது ஒரு விலைதான்.

கோஸ்ட் கார்டை, அதாவது கடலோரக் காவல்படையை, நம் பக்கத்து அப்பாக்கள் ஏனோ கணக்கிலேயே எடுப்பதில்லை. புதுச்சேரியில் அதன் மாவட்டத் தலைமையகமே இருக்கிறது. அதன் கப்பலை நம் மீனவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார்கள். ஆனாலும் "நேவி மாதிரி வராது" என்பார்கள். நாவிக் ஜி.டி., அதாவது பொதுப் பணி மாலுமி பிரிவுக்கு 18 முதல் 22 வயது. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். அடிப்படைச் சம்பளம் 21,700, படிகள் தனி. இது அக்னிபாத் திட்டத்துக்குள் வரவில்லை, நிரந்தர வேலை. எழுத்துத் தேர்வில் தவறான விடைக்குக் கழிவு இல்லை. தெரியாத கேள்விக்கும் கை வைத்துவிடுகிற எங்கள் பையனுக்கு இது பெரிய விஷயம். ஓட்டத்திலும் சலுகை: கடற்படையில் 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டும், இங்கே ஏழு நிமிடம். பயிற்சி அதே சில்காவில்தான். குறை என்ன? ஒரு தடவைக்குச் சில நூறு இடங்கள்தான், போட்டி பயங்கரம். பக்கத்தில் இருப்பதால் போஸ்டிங்கும் புதுச்சேரியில்தான் என்று அக்கா முடிவே பண்ணிவிட்டாள். குஜராத்தில் போர்பந்தரிலும் போடலாம் என்று நான் சொல்லவில்லை.

அடுத்து என்.டி.ஏ. இதில் தேறினால் மாலுமியாக இல்லை, அதிகாரியாகப் போகிறான். பயிற்சிச் செலவெல்லாம் அரசு. வருடத்துக்கு இரண்டு தேர்வு, வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. வயதைப் பயிற்சி தொடங்கும் நாளை வைத்துப் பார்ப்பார்கள், அதனால் இவனுக்கு இரண்டு வாய்ப்புதான் இருக்கும். எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண், கேள்வித்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும். அதைத் தாண்டினால் எஸ்.எஸ்.பி. நேர்முகம், அதுவும் 900 மதிப்பெண், ஐந்து நாள்.

சிபாரிசு பற்றி இன்னும் சந்தேகம் இருக்கிறவர்கள் இந்த ஐந்து நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும். போனதும் பையனுக்கு நெஞ்சில் மாட்ட ஒரு எண் கொடுப்பார்கள். அங்கே அவன் பெயர் அந்த எண்தான். முதல் நாளே ஒரு தேர்வு வைத்துப் பெரும்பாலோரை மத்தியானம் பஸ் ஏற்றிவிடுவார்கள். மீதிப் பேரை உளவியலாளர் ஒருவர், நேர்காணல் செய்பவர் ஒருவர், மைதானத்தில் குழு விளையாட்டு வைப்பவர் ஒருவர் என மூன்று பேர் தனித்தனியாக எடை போடுவார்கள். கடைசி நாள்தான் மூவரும் ஒரு மேசையில் சேர்ந்து உட்காருகிறார்கள். ஒருவரைச் சரிக்கட்டினாலும் மற்ற இருவர் எழுதியது இடிக்கும். எங்கள் தெருவில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற பெட்டி ஆபீசர் ஒருவர் இருக்கிறார். மாமா அவரிடம், "உங்களுக்குத் தெரிஞ்ச ஆபீசர் யாராச்சும்..." என்று ஆரம்பித்தார். அவர், "தெரிஞ்சவன சொல்லட்டுமா, தெரிய வேண்டியத சொல்லட்டுமா?" என்று கேட்டார். பையனைத் தினமும் சாயங்காலம் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து அரை மணி நேரம் இங்கிலீஷில் மட்டும் பேசச் சொல்கிறார். இதையும் ஒரு சிபாரிசு என்றே நான் கணக்கில் வைக்கிறேன்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்து, கோச்சிங் இல்லாமல், முதல் தடவையிலேயே என்.டி.ஏ. என்பது கஷ்டம். ஜே.இ.இ. மெயின் ரேங்க்கை வைத்துக் கேரளாவில் எழிமலைக் கடற்படை அகாடமிக்குப் போகிற பி.டெக். வழி ஒன்றும் உண்டு. அதற்கு இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சேர்த்து 70 சதவீதம் வேண்டும். இவனுக்கு அந்த மூன்றில் 68. தம்பி தங்கை பிளஸ் ஒன் படிக்கிற வீட்டில் இப்போதே இதைக் குறித்து வையுங்கள்.

மெர்ச்சன்ட் நேவி தனி உலகம். பெயரில்தான் நேவி, அது கடற்படை இல்லை, சரக்குக் கப்பல். "எப்படியும் கப்பல்தானே" என்று மாமா அதையும் சேர்த்தே பேசினார். காசும் தெரிந்த ஆளும் ஓரளவு வேலை செய்கிற இடம் இது ஒன்றுதான்; அதனால்தான் ஏமாற்றும் இங்கேதான் அதிகம். பிளஸ் டூ மூன்று பாடத்தில் 60 சதவீதம் இருந்தால் ஐ.எம்.யு. (இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம்) நுழைவுத் தேர்வு எழுதி, டி.என்.எஸ். என்ற கப்பல் டிப்ளமோ ஒரு வருடம் படித்து, பதினெட்டு மாதம் கப்பலில் பயிற்சி முடித்து அதிகாரி ஆகலாம். சிக்கல் அந்தப் பதினெட்டு மாதத்தில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளக் கம்பெனி இருக்க வேண்டும். கப்பல் கம்பெனி தரும் ஸ்பான்சர் கடிதம் இல்லாமல் லட்சக்கணக்கில் கட்டிப் படித்துவிட்டு, கப்பல் கிடைக்காமல் இரண்டு வருடமாக மஞ்சக்குப்பத்தில் செல்போன் கடையில் நிற்கிற பையனை எனக்குத் தெரியும். கல்லூரிக்கு டி.ஜி. ஷிப்பிங் என்ற மத்திய அரசுக் கப்பல் துறையின் அனுமதி இருக்கிறதா, ஏஜென்ட்டுக்குக் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய் தரக்கூடாது. உரிமம் உள்ள ஏஜென்ட் வேலைக்காக மாலுமியிடம் காசு வாங்குவதே விதிப்படி தப்பு. காசு கேட்டான் என்றால், அவன் யார் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அப்போ அப்பாவுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நான் பார்த்தவரை நல்ல பையன்கள் தோற்பது கேள்வித்தாளில் மட்டுமில்லை. பெயரில் தோற்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் ஒரு 'ஹெச்' கூட இருக்கும். இங்கே நமக்கு அது ஒரே ஆள். டெல்லியில் கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். எங்கள் பையனின் ஆதாரில் மாமாவின் பெயரே தப்பாக இருந்தது. பிரமுகர் வீட்டுக்குப் போக ஒதுக்கிய நாளில் மாமா ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்புறம் உடம்பு. வருகிறவர்கள் காதுக் குறும்பியையும் பல்லில் படிந்த காரையையும் சுத்தம் செய்துவிட்டு வரவேண்டும் என்று கடற்படை அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை. பச்சை குத்துவதற்கும் விதி உண்டு: முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் மட்டும்தான். கழுத்தில் காதலி பெயர் இருந்தால் முடிந்தது. நிறக்குருடு இருக்கிறதா என்று உள்ளூர்க் கண் டாக்டரிடம் முன்கூட்டியே பார்த்துவிட்டால், வராத வேலைக்கு இரண்டு வருடம் ஓட வேண்டியதில்லை. மெடிக்கலில் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டாலும் அதோடு போகவில்லை; கருவூலத்தில் நாற்பது ரூபாய் கட்டி, 21 நாளுக்குள் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கலாம். புரோக்கர்கள் இந்த மறுபரிசோதனையைத்தான் "மெடிக்கல் செட்டிங்" என்று எழுபதாயிரத்துக்கு விற்கிறார்கள்.

கடைசியில் என்ன முடிவு செய்தோம்? ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. அக்னிவீருக்கு ஜி.எஸ்.டி.யோடு 649 ரூபாய், கோஸ்ட் கார்டுக்கு 300, என்.டி.ஏ.வுக்கு 100. மூன்றும் சேர்ந்து 1,049. அறிவிப்பு வரவர மூன்றுக்கும் போடுவது, எது முதலில் கதவைத் திறக்கிறதோ அதில் போவது. இரண்டு திறந்தால் கோஸ்ட் கார்டு என்பது என் கட்சி. பையன் அக்னிவீர் என்கிறான், அவனுக்குப் போர்க்கப்பல்தான் வேண்டுமாம். அதற்குள் சண்டை எதற்கு, முதலில் திறக்கட்டும். மெர்ச்சன்ட் நேவி பேச்சை அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிவைத்தோம். கல்லூரி அட்மிஷனை மட்டும் விடவில்லை, பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்துவிட்டான், என்.சி.சி.யிலும் பெயர் கொடுத்திருக்கிறான். பலாப்பழம் அதற்குள் பழுத்து கடை முழுக்க மணத்தது, நாங்களே அறுத்துவிட்டோம்.

இப்போது மாமா விடியற்காலை ஏலத்தை முடித்துவிட்டு, மீன் வாசனையோடு நேராக அண்ணா விளையாட்டரங்கத்துக்கு வருகிறார். ஒரு கையில் டீ, ஒரு கையில் போனில் ஸ்டாப்வாட்ச். நாலு சுற்று ஓடினால் 1.6 கிலோமீட்டர். முதல் நாள் ஏழு நிமிடம் நாற்பது நொடி. நேற்று ஆறு ஐம்பது. கோஸ்ட் கார்டுக்கு இது போதும். நேவிக்கு இன்னும் இருபது நொடி குறைய வேண்டும்.